அடுத்த வீட்டுச் சாட்சி

தான் நம்பும் சமயத்தை ஒருவன் பிறர்க்கு எவ்வாறு எடுத்துரைப்பது என்னும் கேள்வி கிறிஸ்தவ சபைகளில் அடிக்கடி எழுகின்றது. எழுந்த சில நாட்களுக்குள் அது ஒரு கமிட்டியாகி, கமிட்டி ஒரு கூட்டமாகி, கூட்டம் ஒலிபெருக்கியும் துண்டுப் பிரசுரமுமாகி முடிவதையும் கண்டுவருகிறோம். பந்தல் போடுவார்கள், வெளியூரிலிருந்து பிரசங்கியாரை வரவழைப்பார்கள், இரண்டு இரவு பாட்டும் பேச்சும் நடக்கும், மூன்றாம் நாள் பந்தல்காரன் கழிகளைப் பிடுங்கிக்கொண்டு போவான். இவையெல்லாம் வீண் என்று சொல்ல நான் துணியேன். ஆயினும், தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இவ்விஷயத்தில் வேறோர் அனுபவம் உண்டு. அதைப்பற்றியே ஈண்டுச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். வாசகர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர் என்பதை அறிவேன். உங்களை ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைக்கும் கட்டுரை இஃதன்று. அடுத்த வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் குடியிருக்கக் கண்டவர்கள் நீங்கள். ஆதலால் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தக்கவர்களும் நீங்களே.

சுங்கை பஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு நீண்ட ஆறு என்பது பொருள். வட சிலாங்கூரில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில், சுங்கை பெசார்ப் பட்டணத்தை ஒட்டியது அப்பகுதி. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே மண்கரை. கரைக்கு இப்பால் நெல்வயலும் தென்னையும் செம்பனையும். அவற்றினூடே நூல் பிடித்தாற்போல் வெட்டிய வாய்க்கால்கள். ஜாவா, பஞ்சார் வழியினரான மலாய்க்காரரே அங்குப் பெரும்பான்மையினர். தமிழர் தோட்டங்களில்தான் திரளாக இருந்தனர். தெற்கே கோலசிலாங்கூர்ப் பக்கம் வந்தால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று பால்மரத் தோட்டங்கள் தொடர்ந்தன. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அவ்வட்டாரத்திலேதான் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917-ஆம் ஆண்டில், மலாயாவிலேயே முதன்முறையாக, வியாபாரத்திற்கென்று செம்பனை பயிரிட்டார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனையின் பிறப்பிடத்துக்குத் தமிழிலே தென்னையின் பெயர் அமைந்தது ஒரு வேடிக்கைதான். நிற்க.

எங்கள் தோட்டம் உண்மையிலேயே தென்னந்தோட்டம். பறித்த தேங்காய்களை வாய்க்காலில் மிதக்கவிட்டு, நீண்ட கழியால் தள்ளிக்கொண்டே கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். என் தகப்பனார் மட்டை உரிப்பார். தாயார் கொப்பரைக்குப் பருப்பெடுப்பார். லயத்தில் பதினான்கு வீடுகள். அவற்றுள் கிறிஸ்தவ வீடுகள் இரண்டே. எங்கள் முன்னோர் தஞ்சை ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் நெல்லையிலிருந்து வந்தவர்கள். கோயில் நெடுந்தூரம். உபதேசியார் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். குருப்பட்டம் பெற்ற ஐயரைக் கிறிஸ்துமஸ் காலத்திலும் ஈஸ்டர் காலத்திலும் காணலாம். எஞ்சிய நாட்களில் எங்கள் லயத்துக்குக் கிறிஸ்தவம் என்றால் என் தாயார்தான். அவர் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடியவர். அதற்கு மேல் படிப்பில்லை. பாட்டு வராது; கோபம் வரும்.

லயத்து வீடுகளின் இடைச்சுவர் பலகை, கூரை வரைக்கும் எட்டாது என்பதை அங்கு வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முதல் வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். யார் மனைவியை அடிக்கிறான், யாருக்குக் கடையில் எவ்வளவு பாக்கி, யார் சம்பள நாளில் கள்ளுக்கடையிலிருந்து எந்த நிலையில் திரும்பினான் என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் சமயத்தைப்பற்றி வாயால் சொல்வதற்கு முன்னமே அவனுடைய வீடு சொல்லிவிடுகிறது. பட்டணத்துப் பிரசங்கியாருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அவர் சொற்பொழிவு முடிந்ததும் மோட்டாரில் ஏறிவிடுகிறார். அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்களுக்குத் தெரியாது.

தண்ணீரைப்பற்றிச் சொல்கிறேன். கடலோரத்துக் கிணறுகளில் உப்பு; உள்நாட்டு வாய்க்கால்களில் வருவதோ கரிச்சதுப்பு நிலத்து நீர். வட சிலாங்கூரின் அச்சதுப்புக் காட்டிலிருந்து வடியும் தண்ணீர், பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருக்கும். குழாய் வருமுன் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மழைத் தண்ணீரே கதி. தகரக் கூரையில் விழும் மழையைப் பீலி கட்டிப் பீப்பாயில் பிடிப்பார்கள். மழையற்ற மாதங்களில் பீப்பாய் வைத்திருப்பவனே செல்வந்தன். என் தகப்பனார் எங்கிருந்தோ இரண்டு பெரிய பீப்பாய்களைச் சம்பாதித்திருந்தார். வறட்சி வந்ததும் தாயார் ஒரு ஏற்பாடு செய்தார்: கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முதற் குடம், பின்பு மற்றவர்கள், எங்கள் வீட்டுக்குக் கடைசி. மொண்டு ஊற்றுவதற்கு ஒரே செம்பு. எந்தச் சாதியார் கையும் அந்தச் செம்பின்மேல் படலாம். இந்த ஏற்பாட்டை ஒப்பாத வீட்டார் இருந்தார்கள். பெயரைக் கேட்டால் நகைப்பீர்கள், அவர்களுள் ஒருவர் எங்களோடு கோயிலுக்கு வருபவர். அவர்கள் இரண்டு நாள் வாய்க்கால் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் குடத்தோடு வந்தார்கள். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய முகம் சொல்லவேண்டியதைச் சொல்லியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதனைச் சுவிசேஷ ஊழியம் என்று அன்றைக்கு எவரும் அழைக்கவில்லை. தாயாரும் அழைத்திரார். ஆனால் பல ஆண்டுகளுக்குப்பின், அந்த லயத்திற் பிறந்து இப்போது கிள்ளானில் வாழும் ஓர் இந்து நண்பர், “வேதக்காரர் என்றால் எனக்கு உங்கள் வீட்டுச் செம்புதான் நினைவுக்கு வருகிறது” என்று என்னிடம் சொன்னார். அவர் இன்றும் தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போகிறவர்.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பலகாரம் சுட்டுப் பதின்மூன்று வீடுகளுக்கும் தட்டில் வைத்துக் கொடுப்போம். நம்மவர் வழக்கப்படி தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றுமில்லையானால் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். தீபாவளிக்கு எதிர்த்திசையில் தட்டுகள் வரும். இதில் சிக்கல் இல்லை. சிக்கல் மாரியம்மன் திருவிழாவில்தான். படைத்ததை உண்பது எங்கள் வீட்டாரின் மனச்சாட்சிக்கு ஒவ்வாது. உண்ணாதிருப்பதோ அண்டை வீட்டாரை அவமதிப்பதாகும். இந்த முடிச்சைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்திலேயே காணலாம், புதியதன்று. தாயார் அதை எவ்வாறு அவிழ்த்தார் என்றால், திருவிழாவுக்கு முதல்நாளே போய்க் காய்கறி அரிந்து, பாத்திரம் கழுவி, கொட்டகைத் தரையைப் பெருக்கிக் கொடுப்பார். திருவிழா அன்று எங்கள் வீட்டு வாசலில் நீர்மோர்ப் பானை இருக்கும். தீச்சட்டி ஏந்தி வெயிலில் நடந்து வருகிறவர்கள் வாங்கிக் குடிப்பார்கள். படைத்த சோற்றை நாங்கள் வாங்குவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வருத்தப்பட்டவர் எவருமில்லை. சில வைதிகக் கிறிஸ்தவர்கள் இந்த நீர்மோரையும் குற்றம் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தாகத்திற்கு மோர் கொடுப்பதால் வேதம் கெட்டுவிடுமானால், அவ்வேதம் மிகவும் மெலிந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

இதற்கு மாறானதொன்றையும் கண்டிருக்கிறேன். ஒரு சம்பள நாள் மாலையில், வெளியூர்க் குழுவொன்று வண்டியில் வந்து, லயத்தின் நடுவே திரையைக் கட்டிப் படம் காட்டிற்று. படம் நன்றாயிருந்தது, பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தோம். படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, அம்மனைக் கல் என்றும் முனியாண்டியைப் பிசாசு என்றும் வருணிக்கத் தொடங்கினார். கிழவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இளைஞர்களில் சிலர் கள் மயக்கத்தில் இருந்தார்கள். நல்ல வேளையாகக் கல் எதுவும் பறக்கவில்லை. குழு அன்றிரவே போய்விட்டது. மறுநாள் காலையில் பிரட்டுக் களத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்? என் தகப்பனாரும் தாயாரும்தான். “உங்கள் ஆட்கள் எங்கள் தாயைப் பழித்தார்களே, அக்கா” என்று பக்கத்து வீட்டம்மாள் கேட்டபோது, தாயார், “என் வாயிலிருந்து அப்படியொரு சொல் நீ கேட்டதுண்டா?” என்று திருப்பிக் கேட்டார். அவ்வம்மாள் சற்று யோசித்து, இல்லை என்றார். அந்த இல்லை என்னும் சொல்லைச் சம்பாதிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று; அதனைச் செலவழிக்க அரைமணி நேரச் சொற்பொழிவே போதுமாயிருந்தது.

எங்கள் லயத்துக் கதைக்கு ஒப்பான ஒன்றைப் பெரிய சபையொன்றிலே நின்று பேசிய தமிழர் ஒருவர் உண்டு. திருநெல்வேலி ஜில்லா வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பவரே அவர். 1903-ஆம் ஆண்டில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தாலும் தங்கள் ஆட்களாலும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது அவர் முன்னின்றார். வெள்ளைக்காரர் கையை எதிர்பாராத சங்கம் அது. வீட்டுப் பெண்கள் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்துக் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கம் அந்நாட்டுச் சபைகளில் உண்டு. அப்படிப்பட்ட காணிக்கைகளால் வளர்ந்த சங்கம் அது. 1909-ஆம் ஆண்டில் அசரியா நைஜாம் சீமையிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியராகச் சென்றார், தெலுங்கு கற்றார், 1912-ஆம் ஆண்டில் அவ்விடத்து அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்க சபையில் அப்பதவி அடைந்த முதல் இந்தியர் அவர்தான்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1910-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. வந்திருந்தவர்கள் ஏறக்குறைய 1200 பேர். அவர்களுள் ஆசியாக்காரர் மிகச் சிலர். அசரியாவுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. வெள்ளை மிஷனெரிமாரும் இந்திய ஊழியரும் இணைந்து வேலைசெய்வதைப்பற்றிப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து, இருவருக்கும் நடுவிலுள்ள தூரத்தைப்பற்றிப் பேசினார். இந்திய ஊழியன் வீட்டுக்கு மிஷனெரி வருவதில்லை, ஒரே மேசையில் உட்கார்ந்து உண்பதில்லை, எசமானனாகவே பழகுகிறான் என்றார். நீங்கள் தருமம் செய்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் கேட்பது அன்பு. எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்ற கருத்தோடு முடித்தார். கேட்டவர்களுட் சிலருக்குக் கோபம் வந்ததாம். வந்திருக்கும். கொடுக்கிறவன் கையை ஒருவன் பிடித்து, உன் பணம் வேண்டாம், என் பக்கத்தில் உட்கார் என்றால் எவனுக்குத்தான் கோபம் வராது?

அசரியா வெள்ளைக்காரர்க்குச் சொன்ன அப்பாடத்தை நமக்கும் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் தமிழ்க் கிறிஸ்தவன் தன் அண்டை வீட்டானிடத்தில் பல வேளைகளில் ஒரு குட்டித் துரையாகவே நடந்துகொள்கிறான். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்னும் மிதப்பு பேச்சில் தொனிக்கிறது. தோர்ணக்கல்லில் நடந்தது வேறு. அங்கே சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலரும் மாதிகரும், ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள், எழுத்தறியாதவர்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்துத் தாம் பெற்ற செய்தியைப் பிறர்க்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று உறுதிமொழி கூறும்படி அசரியா பழக்கினார். அவர்கள் பிரசங்கமேடை ஏறவில்லை. குடிப்பதை நிறுத்தினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், தலைநிமிர்ந்து நடந்தார்கள். நேற்றுவரை அவர்களைத் தீண்டாத குடியானவர்களிற் சிலர், இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்துக்கொண்டு தாமே சபைக்கு வந்தார்கள். கீழிருந்து மேல்நோக்கிப் போன சாட்சி அது. அசரியா 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் தோர்ணக்கல்லிலேயே காலமானார்.

சாதியைப்பற்றிச் சொல்லாமல் இவ்விஷயத்தை எழுதுவது யோக்கியமாகாது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில், ஒரு சாதியாரை மற்றொரு சாதியார் பாராமலிருக்க நடுவே தடுப்பு இருந்தது. இரண்டு காலாகப் பிரிந்த கட்டடத்தைப் பார்த்துக் கால்சட்டைக் கோயில் என்று ஊரார் கேலி செய்தார்கள். 1910-ஆம் ஆண்டில் குருமார் அத்தடுப்பை இடித்தார்கள். இடித்ததற்காக வழக்கு நடந்தது. சென்னை ஹைக்கோர்ட்டு தடுப்பைக் கேட்டவர்களுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. பாருங்கள், அசரியா எடின்பரோவில் ஒரே மேசையைப்பற்றிப் பேசிய அதே ஆண்டு! கோயிலுக்குள்ளே சுவர் எழுப்பியவன் வெளியே வந்து எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று சொன்னால் எந்த இந்து சகோதரன் நம்புவான்? நம்பாததோடு நில்லாமல் சிரிக்கவும் செய்வான்; அவன் சிரிப்பது நியாயமே.

மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் இச்சுவரையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்த குடும்பத்தாரின் கையில் மற்றவர்கள் தண்ணீர் வாங்குவதில்லை. மாதம் ஒருமுறை வரும் உபதேசியார், ஒரு நடுப்பகலில், சைக்கிளை அந்த வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, “தாயே, குடிக்கத் தண்ணீர் வேண்டும்” என்று கேட்டார். அவ்வம்மாள் நம்பாமல் உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார். பிறகு டம்ளரைச் சாம்பலிட்டுத் துலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். உபதேசியார் திண்ணையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, பாலைப்பற்றியும் மழையைப்பற்றியும் பேசினாரேயன்றி வேதத்தைப்பற்றிப் பேசவில்லை. அதுமுதல் ஒவ்வொரு மாதமும் முதலில் அங்கேதான் இறங்குவார். அக்குடும்பத்தார் கிறிஸ்தவர் ஆகவில்லை, இன்றுவரை இல்லை. ஆனால் அவ்வீட்டுக்காரர் அந்தச் சைக்கிளைப் பழுதுபார்த்துக் கொடுப்பதைத் தம் உரிமையாகவே வைத்துக்கொண்டார். சங்கிலிக்கு எண்ணெய் விடாமல் உபதேசியாரைப் புறப்பட விடமாட்டார். எங்கள் கோயிலைச் சேர்ந்த மற்றொரு வீட்டாருக்கு இது பிடிக்கவில்லை. அம்மாதம் உபதேசியாருக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு இல்லை. அவர் எங்கள் வீட்டில் கஞ்சி குடித்தார்.

தண்ணீரும் சாட்சியும் நம் நாட்டில் பழைய கூட்டாளிகள் என்றே தோன்றுகிறது. பாளையங்கோட்டையில் 1778-ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை கிளாரிந்தாள் அம்மையைப்பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1780-ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பது பேர். திருநெல்வேலிச் சபையின் தொடக்கம் அதுதான். அவ்வம்மை 1785-ஆம் ஆண்டில் ஒரு கோயில் கட்டினார்; பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஜனங்கள் அதை அழைத்தார்கள். கோயிலோடு ஒரு கிணறும் அவர் பெயரால் வழங்கிற்று. அவர் சொன்ன பிரசங்கம் எதுவும் நம் கைக்கு எட்டவில்லை. பாப்பாத்தி கிணறு என்னும் பெயர் எட்டியிருக்கிறது. தண்ணீரில் தீட்டுப் பார்த்த காலத்தில், பிராமணப் பெண்ணின் பெயரால் ஒரு கிணறு ஊர் வாயில் நின்றதென்றால் அது சிறிய செய்தியன்று.

உதவியைத் தூண்டிலாக்குவதைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னும் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபைகளிற் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று அன்றே பேச்சு எழுந்தது. பசித்தவனுக்குச் சோறிட்டவர்களை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் சோற்றுக் கணக்கையும் ஆத்துமாக் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும். எங்கள் தாயாரின் பீப்பாய்க்கு ஏடு கிடையாது. தண்ணீர் வாங்கினவர்களுள் எவரையும் அவர் ஜெபத்துக்கு வா என்று அழைத்ததை நான் கேட்டதில்லை. அழைத்திருந்தால் மறுநாள் குடங்கள் குறைந்திருக்கும்.

அப்படியானால் கிறிஸ்தவன் வாய் திறக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். திறக்கலாம், கேட்கப்படும்போது திறந்தால் போதும் என்பது என் கருத்து. பேதுருவின் முதலாம் நிருபமும் கேட்கிறவனுக்குச் சாந்தமாய்ப் பதில் சொல்ல ஆயத்தமாயிரு என்ற கருத்தையே மூன்றாம் அதிகாரத்தில் சொல்லுகிறது. கேள்வி எழாமலே பதில் கூறிக்கொண்டிருப்பதுதான் நம்முடைய வியாதி. ஒருநாள் பக்கத்து வீட்டம்மாள், “சோற்றின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாயே, என்ன சொல்வாய்?” என்று தாயாரைக் கேட்டார். தாயார், “நேற்று அரிசி இல்லை, இன்றைக்கு இருக்கிறது என்று சொல்வேன்” என்றார். அவ்வளவே. சில வாரங்கள் கழித்து அவ்வம்மாள் காய்ச்சலில் கிடந்த தம் மகனை எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, “நீ கண்ணை மூடிச் சொல்வாயே, அதை இவனுக்காகச் சொல்லு” என்றார். தாயார் சொல்லிவிட்டு, உடனே பிள்ளையைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஜெபித்தாகிவிட்டது, மருந்து எதற்கு என்று அவர் சொல்லவில்லை என்பதைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும்.

பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. முத்துக்குளித்துறையில் 1542-ஆம் ஆண்டில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் சரியாக வராது. சிலரைக்கொண்டு ஜெபங்களைத் தமிழில் எழுதுவித்து மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். அப்பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வியாதியஸ்தர் வீட்டுக்கு அவருக்குப் பதிலாகப் போனார்கள். 1545-ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு வந்தபோதும் அதே மணியோடு தெருவில் நடந்தார். பெரிய மனிதர்கள் அவரைப்பற்றி எழுதும்போது கடலையும் தூரத்தையும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள் நோயாளி வீட்டு வாசலில் நிற்பதுதான் கண்ணில் தோன்றுகிறது.

இந்நாட்டில் எழுதுகிறவன் சட்டத்தையும் நினைவில் வைக்கவேண்டும். 1957-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பதினோராம் பிரிவில், எவரும் தம் சமயத்தைக் கைக்கொள்ளவும் அநுசரிக்கவும் எடுத்துரைக்கவும் உரிமையுடையவர் என்கிறது; முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்லுகிறது. சிலாங்கூர் மாநிலத்தில் அதற்கான சட்டம் 1988-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சுங்கை பஞ்சாங்கைப் போன்ற இடத்தில் ஒரு கிறிஸ்தவத் தமிழனின் அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் மலாய்க்காரரே. அவர்களோடு அவன் கலியாணத்திற்குப் போகிறான், துக்கத்திற்குப் போகிறான், வெள்ளம் வந்தால் ஒரே படகில் ஏறுகிறான். நல்ல அயலானாக இருப்பதற்கு எந்தச் சட்டமும் தடையன்று. அதற்குமேல் அங்கே அவன் எண்ணம் கொள்வதும் தகாது. நான் இக்கட்டுரையில் பேசுவது நம் தமிழ் ஜனங்களுக்குள் நடப்பதையே.

இப்போது லயங்கள் பெரும்பாலும் இல்லை. தென்னையை வெட்டிச் செம்பனை வைத்தார்கள்; செம்பனைக்கு ஆட்கள் குறைவாகப் போதும்; வருகிறவர்களும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். நம்மவர் பட்டணத்துத் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் சிதறினார்கள். பலகைச் சுவர் போய்ச் செங்கற்சுவர் வந்தது. வாசலில் இரும்புக் கம்பிக் கதவு, அதற்குப் பூட்டு. அடுத்த வீட்டில் இருமினால் கேட்பதில்லை. இறந்தாலும் சில வேளை இரண்டு நாள் கழித்தே தெரிகிறது. சாட்சி சொல்வது முன்னிலும் கடினமாகியிருக்கிறது; ஏனெனில் நம் வாழ்க்கையை எவரும் பார்ப்பதில்லை. ஆதலால்தான் சபைகள் மீண்டும் ஒலிபெருக்கியை நாடுகின்றன என்று எண்ணுகிறேன். கைப்பேசியில் விடியற்காலையில் வேத வசனத்தை நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, அன்றைய கடமை முடிந்ததென்று உறங்கப் போகிறவர்களும் உண்டு.

செய்வதற்கோ வேலை நிறைய இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு அடையாள அட்டையோடு கிழப்பருவம் எய்தியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்காக விண்ணப்பம் எழுதி, பதிவிலாகாவின் வரிசையில் கூட நிற்க ஓர் ஆள் தேவை. தேர்வு நெருங்கும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மேசையும் விளக்கும் சத்தமில்லாத அறையும் தேவை. குடிகாரனின் மனைவிக்கு, இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கும் ஒரு வீடு தேவை. இவற்றை ஓர் இந்துவும் செய்யலாம், செய்கிறார்கள்; அதில் எனக்குப் போட்டியில்லை.

கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கிராணியார் ஒருவர் இருக்கிறார், கிறிஸ்தவர். அவருடைய அண்டை வீட்டுப் பெரியவர் முருக பக்தர்; சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டியவர். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கிராணியார் தம் பழைய காரில் அவரை ஏற்றிக்கொண்டு போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். ஆறு மாதம் சென்றபின், ஒருநாள் திரும்பும் வழியில் பெரியவர் கேட்டாராம்:

“ஐயா, உங்கள் ஆண்டவரிடம் என்னைப்பற்றிச் சொல்வதுண்டா?”

“தினமும் சொல்கிறேன்.”

“என்னவென்று சொல்வீர்கள்?”

“உம்மைச் சுகமாக வைக்கும்படி கேட்பேன். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மழை வேண்டாம் என்றும் கேட்பேன். கண்ணாடி துடைப்பான் வேலை செய்வதில்லை.”

பெரியவர் வீடு வந்து சேரும்வரை சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, கிராணியார் கோயிலுக்குப் புறப்படுமுன், பெரியவரின் மூத்த மகன் புதிய துடைப்பான்களோடு வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். சனிக்கிழமைப் பயணங்களில் இப்போது அவனும் உடன் வருகிறான்.